பன்னிரண்டரைச் சுற்றும் ஒரு லாரி நிழலும்

அக்கா,

இன்று காலை ஏரிக்கரைத் திருப்பத்தில் காற்று மேற்கிலிருந்து வீசியது. பண்ணைகளில் கோழி எருவை வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அந்த இடத்தைக் கடந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். கோழி எரு நாற்றத்துக்கு முகம் மலர்கிற ஒரே உடற்கல்வி ஆசிரியை இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாற்றம் வந்தால் அதன் பின்னாலேயே உங்கள் மொபெட் சத்தமும் வரவேண்டும் என்று என் காது இன்னும் எதிர்பார்க்கிறது. சைலன்சர் ஓட்டையை அடைக்கச் சொல்லி எத்தனை முறை சொன்னேன்! "சத்தம் வந்தாத்தானுங்க நாய் ஒதுங்கும்" என்பீர்கள். நாய்கள் உங்களுக்காக ஒதுங்கவில்லை. பண்ணையிலிருந்து நீங்கள் கொண்டுவரும் உடைந்த முட்டைக்காக வரிசையாகக் காத்திருந்தன. அது உங்களுக்கும் தெரியும்.

நாம் பேசத் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சேலம் டவுனிலிருந்து இந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிவிட்டு, சாலையோரம் ஒரு வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்த நீங்கள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, நான் முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க டீச்சர், யாராச்சும் தொரத்துனாங்களா?"

"இல்லீங்க. பயிற்சி."

"தெனமும் இப்படித்தானுங்களா?"

"தினமும்தான்."

"அப்ப தொரத்துறது நீங்களேதானுங்களா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தேன்.

நான்கைந்து நாள் இப்படியே போனது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். சித்திரை மாதத்தில் மூத்தோர் தடகளப் போட்டி வருகிறது, ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று, அதை நான் ஓடி முடிக்க வேண்டும் என்று. "செயிக்கோணுமா?" என்றீர்கள். வேண்டாம், முடித்தால் போதும் என்றேன். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி எதற்காக இப்படித் தவிக்கிறாள் என்பது உங்களுக்குப் புரியவில்லை. அதனால் கல்லூரிக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு இருபது வயது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. அதே ஐயாயிரம் மீட்டர். பதினோராவது சுற்றில், நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது, மைதானம் சாய்ந்தது. கண் விழித்தபோது முகத்தில் யாரோ சோடாவைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயிற்சியாளர் கெட்டவர் இல்லை, எங்களுக்காகச் சொந்தச் சம்பளத்தில் காலணி வாங்கிக் கொடுத்தவர். அவர் என் தலைமாட்டில் நின்று வருத்தத்தோடுதான் சொன்னார்: "ஒனக்கு மனசு இருக்கும்மா, ஒடம்பு பத்தாது." அந்த ஒரு வாக்கியத்தை இருபத்தாறு வருடம் சுமந்தேன். அதற்குப் பிறகு பந்தயத்தில் ஓடவில்லை. விசில் எடுத்துக்கொண்டு பிறரை ஓடவிடுகிறவளாக ஆகிவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உடலியங்கியல் தாளில் என் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். இதயம் எப்படி விரிந்து பெரிதாகிறது, தசையில் சிறு ரத்தக் குழாய்கள் எப்படிக் கூடுகின்றன, மூச்சு வாங்கினால் உள்ளே என்ன தேங்குகிறது, எல்லாம் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன். பயிற்சி முகாம்களில் மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அந்தப் பாடமெல்லாம் போதிய உடம்பு வாய்த்தவர்களுக்கு. நமக்குக் கசக்கிப் பிழிந்தால்தான் ஏதாவது தேறும் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம். அதனால் தினமும் உயிரைக் கொடுத்து ஓடினேன், தினமும் வேலிக்கல்லைப் பிடித்தேன்.

நீங்கள் அடுத்த வாரம் ஒன்று கேட்டீர்கள். "நாம பேசறதுக்கு முந்தி பாத்தப்ப இந்தப் பாலத்துக்கிட்ட என்ற வண்டியவே முந்துனீங்க. இப்ப நாஞ் சும்மா உருட்டிக்கிட்டு வந்தாலே பின்னால நிக்கறீங்க. கொறஞ்சுதானுங்களே போயிருக்குது?"

நான் விடுவேனா? அங்கேயே பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். பயிற்சி என்பது உடம்புக்குக் கொடுக்கிற அடி, அந்த அடியில் தசை நைந்துபோகும், ஓய்வில் உடம்பு அதைச் சரிசெய்யும்போது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிடும், அந்தக் கூடுதல்தான் முன்னேற்றம் என்று விளக்கினேன். நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போலத் தலையாட்டிக்கொண்டு கேட்டீர்கள்.

"அப்ப ஓடும்போது வளர்றதில்லீங்களா? படுத்துக் கெடக்கும்போதுதான் வளருதுங்களா?"

"ஆமா."

"நீங்க எப்பப் படுக்கறீங்க?"

நானே எடுத்த பாடத்தில் நானே தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முட்டை ஏற்ற லாரி வந்துவிடும் என்று வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு என் பாடப்புத்தகத்தின் மேல் ஒரு ஆர்வம் பிறந்துவிட்டது. ஒவ்வொரு காலையும் ஒரு கேள்வி. எந்த வேகத்தில் ஓடினால் இதயம் வளரும் என்று கேட்டீர்கள். பெரும்பாலான நாட்கள் மெதுவாகத்தான் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். மறுநாள் விடிவதற்குள் உங்கள் மொபெட் என் வீட்டு வாசலில் நின்றது.

"நானும் கூட வாரேன். பேசிக்கிட்டே போலாமுங்க. பேச்சு நின்னா வண்டியும் நின்னுபோகும்."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நீங்கள் என் இடது பக்கத்தில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு வந்தீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடாதபடி கேள்வியைத் தேர்ந்தெடுத்துக் கேட்டீர்கள். என் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை, எங்கள் சர்ச் திருவிழாவில் தேர் திரும்புகிற இடத்தில் எழுந்த தகராறு, தலைமையாசிரியை ஏன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் "ம்" என்று சொன்னால் உடனே பிரேக். மூச்சு வாங்கிப் பாதி வாக்கியத்தில் நின்றால் பிரேக். அதற்கு மேல் ஓடாமல் நடந்து வரச் சொல்வீர்கள். சர்க்கரை நோய்க்காக நடக்கிற ஓய்வுபெற்ற பெரியவர்களெல்லாம் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாவட்ட அளவில் பதக்கம் எடுத்த பிள்ளைகளை உருவாக்கியவள் நான். அந்த முதல் பதினைந்து நாளும் உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் பண்ணை வாசலில் நீங்கள் வண்டியை நிறுத்தியபோதுதான் கவனித்தேன். எங்கள் பங்குச் சாமியார் மாற்றலாகிப் போன கதையை ஏரிக்கரை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கிறேன். வண்டி வழக்கத்தைவிட வேகமாகவே ஓடியிருக்கிறது. நீங்கள் கைப்பையிலிருந்து வேகவைத்த முட்டை இரண்டை எடுத்துக் கொடுத்தீர்கள். அதுவரை நான் தினமும் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்கிறவள், கல்லூரியில் பழகியது. அதை நீங்கள்தான் நிறுத்தினீர்கள். வேகவைத்தால்தான் உடம்பில் சேரும் என்று நான் படித்ததையே எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, "நாங்க யாருமே பச்சையாக் குடிக்க மாட்டோமுங்க. அது எங்கிருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றீர்கள். அன்றிலிருந்து பச்சை முட்டையை என்னால் பார்க்கவே முடியவில்லை.

நாடி பார்க்கிற வழக்கமும் அப்போதுதான் தொடங்கியது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் உடம்பு இன்னும் களைப்பிலிருந்து மீளவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு ஓடக்கூடாது. இதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இதையும் நீங்கள்தான் நடத்திக் காட்டினீர்கள். நான் எண்ணிச் சொன்னதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தீர்கள். அறுபத்தாறில் ஆரம்பித்தது மெல்ல மெல்ல ஐம்பத்தெட்டுக்கு வந்தது. "கோழி நல்லாருக்குதான்னு தீனி தின்னுறத வெச்சுக் கண்டுபுடிப்போம். மனுசிக்கு இது" என்பீர்கள். தம்பி மகன் எனக்குக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தான், நாடியை அதுவே காட்டும் என்று. நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு நாளும் அதை நம்பவில்லை.

பங்குனி பிறந்ததும் நீங்கள் இன்னொரு திட்டத்தோடு வந்தீர்கள். விடிகாலை ஓட்டம் வேண்டாம், வாரத்தில் எனக்கு முதல் பாடவேளை இல்லாத நான்கு நாள் ஒன்பது மணி வெயிலில் ஓடலாம் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டி அறிவிப்பை எடுத்துக் காட்டினேன்: முதல் நிகழ்ச்சி பெண்கள் ஐயாயிரம் மீட்டர், காலை சரியாக ஏழு மணி.

"ஏழுன்னு போட்டா ஏழுக்கே ஆரம்பிப்பாங்களா டீச்சர்? நீங்க எந்த ஊருங்க?"

"சரியாக ஏழு மணின்னு அச்சடிச்சிருக்காங்க அக்கா."

"சிறப்பு விருந்தாளி ஒருத்தரு இருப்பாரில்ல? அவரு பேரும் அச்சடிச்சிருக்குதா?"

அச்சடித்திருந்தது. பெரிய எழுத்தில்.

வெயிலைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குளிர்ச்சியான இடத்தில் வளர்ந்த கோழியைச் சித்திரையில் இங்கே இறக்கினால் இரண்டு நாளில் சாகும். இங்கேயே வெயில் ஏற ஏறப் பழகியது தாங்கும் என்று உங்கள் அனுபவத்தில் சொன்னீர்கள். மனித உடம்புக்கும் அதேதான், பத்துப் பன்னிரண்டு நாள் பழக்கினால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், ரத்தத்தில் நீர் கூடும் என்று புத்தகத்தில் இருந்ததை நான் சொன்னேன். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தத் திட்டம் உருவானது. முதல் நாள் இருபது நிமிடம், ஓட்டம் என்று சொல்ல முடியாத ஓட்டம். தலையில் நனைத்த துண்டு. பண்ணையில் கோழிகளுக்குக் கலக்குகிற உப்புச் சத்துத் தூளை எனக்கும் கலக்க எடுத்தீர்கள். அதை மட்டும் தடுத்துவிட்டேன். உப்புப் போட்ட மோரில் சமாதானம் ஆனோம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நான். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஓட்டத்தைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டிய அந்த வாரத்தில், எனக்குப் பயம் வந்துவிட்டது. பன்னிரண்டரைச் சுற்றும் ஓட முடியுமா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. பள்ளி விட்டு எல்லோரும் போன பின் மைதானக் கதவைச் சாத்திக்கொண்டு, முழு வேகத்தில் ஓடினேன். ஒன்பதாவது சுற்றிலேயே கால் கட்டையாகி நின்றுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலை நீங்கள் வந்து கேட்டபோது நாடி ஐம்பத்தெட்டு என்று பொய் சொன்னேன். நீங்கள் எழுதவில்லை. என் கையைப் பிடித்து, வாசல் படியில் உட்காரவைத்து, நீங்களே எண்ணினீர்கள். எழுபத்திரண்டு.

"நேத்து என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"டீச்சர், உங்க வாயி பொய் சொல்லுது, கையி சொல்ல மாட்டேங்குது."

மறைக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். ஒன்பதாவது சுற்றைச் சொன்னேன். உடம்பு பத்தாது என்று அன்றைக்கே சொன்னார், அதுதான் உண்மை என்றேன். நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குக் கோபம்தான் வந்தது. மூணு மாசம் பொறுமையாக வளர்த்ததை ஒரு மணி நேரத்தில் பிடுங்கிப் பார்த்துவிட்டு வேர் பிடிக்கவில்லை என்று அழுகிறீர்களே என்று சத்தம் போட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாளு இருக்குது. தின்னுங்க, தூங்குங்க. ஓடுனீங்கன்னு தெரிஞ்சா மைதானத்துப் பக்கமே நா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் தின்றேன், தூங்கினேன். போட்டியன்று காலை நாடி அறுபது. நீங்களே எண்ணினீர்கள்.

போட்டி சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில். ஆறரைக்கே போய்விட்டோம். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டார் என்றார்கள். எட்டரைக்கு எல்லோரையும் அணிவகுப்புக்கு நிற்கச் சொன்னார்கள், அவர் வந்ததும் தொடங்கத் தோதாக. ஒன்பதரை ஆனது, அவர் இன்னும் கிளம்பிக்கொண்டேதான் இருந்தார். நான் எங்கள் மாவட்ட வரிசையின் முன்னால், நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இருபது வருடமாகப் பிள்ளைகளை அப்படி நிறுத்தியவளுக்கு வேறு எப்படி நிற்கத் தெரியும்?

நீங்கள் வரிசைக்குள்ளேயே வந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"வாங்க இக்கட்ட, இந்தப் பக்கமுங்க."

"எல்லாரும் நிக்கிறாங்க அக்கா. நான் ஒரு டீச்சர், நான் போய்..."

"எங்க பண்ணைல உச்சி வெயில்ல ஷெட்டுக்குள்ள யாருமே காலு வெக்க மாட்டோமுங்க. கோழி பதறி றெக்கய அடிச்சாவே அதுக்குச் சூடு ஏறிப் போயிரும். சும்மா நிக்கறதுன்னு நெனைக்காதீங்க. இப்பவே ஓட ஆரம்பிச்சாச்சு நீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு உறைத்தது. உடம்பில் இருப்பது ஒரே அளவு ரத்தம். வெயிலில் நின்றால் சூட்டைத் தணிக்கத் தோல் அதைக் கேட்கும். அசையாமல் நின்றால் காலில் தேங்கும். வியர்வையில் நீர் குறைய அதுவும் குறையும். அப்புறம் ஓட்டம் தொடங்கும்போது தசைகள் கேட்டால் இதயம் எங்கிருந்து கொடுக்கும்? இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன், அக்கா. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றுகொண்டிருந்தேன்.

மைதானத்தில் தூசி அடங்கத் தண்ணீர் அடிக்க வந்த டேங்கர் லாரி ஒன்று சுற்றுச்சுவர் ஓரம் நின்றது. அங்கே வேறு நிழலே இல்லை. டிரைவர் சங்ககிரிக்காரர். நீங்கள் போய் அவரிடம் லாரிக்கடியில் படுக்க இடம் கேட்டீர்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "படுத்துக்கங்க சாமி, ஆனா சாவிய நீங்களே வெச்சுக்கங்க. இல்லாட்டி எனக்கு நிம்மதி இருக்காது" என்று சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். நீங்கள் அதை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். லாரி அடியில் நனைந்த சாக்கை விரித்து, நான் படுத்தேன். மேலே டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நீங்கள் வெளியே காவல் உட்கார்ந்து மோரை ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தீர்கள். என்னைத் தேடி வந்த அமைப்பாளரிடம், "டீச்சருக்கு மயக்கமுங்க, ஓடுற நேரத்துக்குச் செரியாப் போயிரும்" என்றீர்கள். அவர் போன பின் நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் தலையை அச்சில் இடித்துக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்தார். பேச்சு முடிந்து எங்களை அழைத்தபோது பதினொன்றே கால். ஆறு பேர் நின்றோம். மற்ற ஐந்து பேர் முகமும் ஏற்கெனவே சிவந்திருந்தது. முதல் மூன்று சுற்று நான் கடைசி. மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே ஓடினேன், வாக்கியம் முறியாத வேகத்தில். ஏழாவது சுற்றில் ஒருவர் வெளியே போய் உட்கார்ந்தார். எட்டில் இன்னொருவர். ஒன்பது வந்தது, போனது, கால் கட்டையாகவில்லை. பதினோராவது சுற்றில் வளைவு திரும்பும்போது எனக்குள் ஏதோ ஒன்று மைதானம் சாயப்போகிறது என்று காத்திருந்தது. மைதானம் நேராகத்தான் இருந்தது. நீங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் எனக்கு இணையாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, லாரிச் சாவி குலுங்க ஓடி வந்தீர்கள். முட்டி வலிக்காரி நீங்கள்! கடைசி அரைச் சுற்றில் முழு வேகம் எடுத்தேன், எடுக்க எனக்குள் இருந்தது. மூன்றாவதாக வந்தேன்.

கோட்டைத் தாண்டி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. நீங்கள் பதறிப்போய்க் காலைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"அக்கா, அன்னைக்கு இருபது வயசுல, எங்களை மூணு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சாங்க. ஒரு சொட்டுத் தண்ணி கொடுக்கலை, வயிறு குலுங்கும்னு. நான் நல்லாத்தான் இருந்திருக்கேன் அக்கா. என் உடம்பு நல்லாத்தான் இருந்திருக்கு."

நீங்கள் என் தலையில் மிச்சத் தண்ணீரை ஊற்றினீர்கள்.

"இருவத்தாறு வருசமா ஒரு பாவமும் அறியாத ஒடம்பத் திட்டிப்போட்டீங்களே டீச்சர்" என்றீர்கள். "அதுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. மொதல்ல ரெண்டு முட்டையத் தின்னுங்க."

அந்த வெண்கலப் பதக்கத்தை உங்கள் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தோம். பண்ணை அலுவலகத்தில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு நமக்கு நான்கு வருடம் கிடைத்தது, ஏரிக்கரையும் பேச்சுமாக. கடைசி இரண்டு மாதம் நீங்கள் எழுந்து வரவில்லை. ஓடி முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்காருவேன். விட்ட கதையைத் தொடரச் சொல்வீர்கள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான், அந்த நிம்மதியை எனக்கு விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். நான் தூங்கவில்லை. என் விசிலுக்குக் கட்டுப்பட்டு வெயிலில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தார்கள். குடியரசு தினம், ஆண்டு விழா, வட்டாரப் போட்டி. யாராவது ஒரு பிள்ளை சுருண்டு விழும். தூக்கி நிழலில் போட்டு, "காலைல சாப்பிடாம வந்தியா?" என்று நானே அதட்டியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் தங்களுக்கு உடம்பு பத்தாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? என்னிடம் அதைச் சொன்னவரின் குரலிலேயே நானும் அவர்களிடம் பேசியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

இந்த வருடம் வட்டாரப் போட்டியை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் எட்டே காலுக்கும் வரவில்லை. அவர் வரும்வரை பிள்ளைகளை அணிவகுப்பில் நிற்கவைக்கலாமா என்று கேட்டார்கள். பிள்ளைகளை வேப்ப மரங்களுக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீர்க் குடம் வைக்கச் சொல்லிவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு நானே விசில் ஊதினேன். தலைமையாசிரியைக்கு முகம் வெளிறிவிட்டது. விருந்தினர் பத்து மணிக்கு வந்து இறங்கும்போது நீண்ட ஓட்டங்கள் எல்லாம் முடிந்திருந்தன.

"நான் வராமலே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "வெயில் உங்களுக்காக நிக்கலீங்க."

தலைமையாசிரியை நான்கு நாள் என்னோடு பேசவில்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டும். அதை எழுத உட்கார்ந்துதான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று நானூறுக்கும் மேல் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள், அக்கா. ஒருவர்கூட விழவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.